கிறிஸ்துமஸ் லீவில் குட்டிப் பிள்ளைகளோடு கடற்கரை: மலையிலிருந்து எந்தப் பக்கம் இறங்கலாம்?

தேவிகுளம் அம்மா · நவம்பர் 19

வணக்கம். மூணாறுக்குப் பக்கத்தில், தேவிகுளத்துக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் இருக்கிறோம். டிசம்பர் கடைசியில் இங்கே விடியும்போது புல்லெல்லாம் உறைபனி படிந்து வெள்ளையாகக் கிடக்கும். ஊரே அதைப் பார்க்க மேலே ஏறி வரும். எங்களுக்கோ இதை விட்டுக் கீழே இறங்கினால் போதும் என்றிருக்கும். பெரியவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு இரண்டு. சின்னவளுக்குக் குளிர் தொடங்கினால் சளியும் தொடங்கிவிடும். ஸ்வெட்டர், குல்லா எதுவும் இல்லாமல் நாலு நாள் இரண்டும் மணலில் புரள வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

கூட மாமியார் வருகிறார், முழங்கால் வலி உண்டு. ஒரு சின்ன கார். ஸ்கூல் லீவு கிறிஸ்துமஸ் சமயத்தில்தான். வீட்டில் ஆளுக்கொரு ஊர் சொல்கிறார்கள்: அவர் கோவளம், மாமியார் கன்னியாகுமரி, என் தங்கை ராமேஸ்வரம். நான் வர்க்கலையின் போட்டோக்களைப் பார்த்துவிட்டு மயங்கிப் போயிருக்கிறேன். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் சொன்னால் நல்லது. தேனிலவுக்குப் போனவர்கள் அனுபவம் வேண்டாம், அது எங்களுக்கும் இருக்கிறது.

மறையூர் சர்க்கரை · நவம்பர் 19

உங்கள் வாசலில் போகிற சாலையையே நம் ஆட்கள் கொச்சி–தனுஷ்கோடி ரோடு என்றுதானே சொல்கிறோம். இந்தப் பக்கம் இறங்கினாலும் கடல், அந்தப் பக்கம் இறங்கினாலும் கடல். கேட்டைத் திறந்ததும் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பது என்பது மட்டும்தான் கேள்வி.

செங்கோட்டைக்காரன் · நவம்பர் 19

கன்னியாகுமரிக்கு என் ஓட்டு. பெரியம்மாவுக்கு அம்மன் கோயில், பிள்ளைகளுக்குப் படகு, எல்லோருக்கும் வாய்க்குத் தோதான சாப்பாடு. கடலில் கால் நனைக்க வேண்டுமென்றால் திருச்செந்தூர், மணப்பாடு இருக்கின்றன. மணப்பாட்டில் குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் ஒரு பக்கம் அலை அடங்கியிருக்கும். கேரளக் கரையில் அந்த வாரம் ரூம் வாடகை கேட்டால் உங்கள் வீட்டுப் பெரியவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். சொல்லிவிட்டேன்.

குளச்சல் கரை · நவம்பர் 20

செங்கோட்டை அண்ணாச்சி, மணப்பாடு நல்ல கரை என்பதில் சண்டை இல்லை. எனக்குச் சண்டை மாதத்தோடுதான்.

நம் தமிழ்நாட்டுக் கரைக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இழுக்கும். 2023 டிசம்பர் 17, 18-ல் என்ன நடந்தது? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே நின்றது, நூற்றுக்கணக்கான பயணிகளோடு. அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். 2017-ல் ஒக்கிப் புயல் வந்ததும் நவம்பர் கடைசியில்தான், எங்கள் ஊரில் அதைப் பற்றிப் பேசவே பிடிக்காது. வருஷா வருஷம் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் வெயிலுக்காகவே மலையிலிருந்து இறங்குகிற குடும்பம் மழைக்கு வாய்ப்புள்ள பக்கத்தை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

அரபிக்கடல் பக்கம் கணக்கு வேறு. அதற்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை கோபம். துலா மழை (ஐப்பசி மழை) ஓய்ந்த பிறகு, டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை அநேகமாக அடங்கிக் கிடக்கும். தண்ணீரும் 28 டிகிரி அளவில் வெதுவெதுப்பாக இருக்கும். பிள்ளைக்கு நடுக்கம் எடுக்காது.

கன்னியாகுமரி பார்க்கிற கடல், இறங்குகிற கடல் இல்லை. பாறையும் சுழிப்பும். போதாததற்கு கார்த்திகை, மார்கழி முழுக்க சபரிமலை போய்வருகிற சாமிமார் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். அவர்கள் ஊர் அது, அவர்கள் காலம் அது, குறை சொல்லவில்லை. முழங்கால் வலிக்காரரும் இரண்டு வயதுப் பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் படகுக்கு வரிசையில் நிற்க முடியுமா என்பதை நினைத்துப் பாருங்கள்.

ராமேஸ்வரம் பக்கமும் இதே கதை. அரியமான் கரை ஆடி மாதத்தில் குளமாகக் கிடக்கும். வாடைக் காற்று வீசும் மார்கழியில் அந்தப் பாக் நீரிணைப் பக்கம்தான் கலங்கும், மன்னார் வளைகுடாப் பக்கம் கொஞ்சம் தேவலை. ஆக, தங்கை சொன்ன ஊர் சரி. காலண்டர்தான் சரியில்லை.

தேவிகுளம் அம்மா · நவம்பர் 20

அண்ணா, இதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். “கடலைப் பார்த்தால் போதாதா, எதற்கு இறங்க வேண்டும்” என்கிறார். அது ஒரு தனிப் பிரச்சினை. சரி, மேற்குக் கரை என்றே வைத்துக்கொள்வோம். கோவளமா, வர்க்கலையா?

கரமனை மாமி · நவம்பர் 20

எனக்கு இரண்டும் பக்கத்து ஊர், அதனால் பாரபட்சம் இல்லை.

வர்க்கலையில் கடல் கீழே, ஊர் மேலே. நீங்கள் போட்டோவில் பார்த்தது அந்தச் செங்குத்துப் பாறை விளிம்புதான். கடைகளும் ரூம்களும் பெரும்பாலும் மேலே. விளிம்பையொட்டியே நடைபாதை போகிறது. ஐந்து வயதுப் பையன் ஓடுகிற பாதை அது இல்லை, மாமி. ஒவ்வொரு தடவையும் படி இறங்கி, மண்ணும் ஈரமுமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி ஏற வேண்டும். உங்கள் மாமியார் ஒரு தடவை இறங்குவார், அப்புறம் ரூமை விட்டு நகர மாட்டார். அங்கேயே பாபநாசம் கடற்கரைப் பக்கம் வண்டி கரை வரைக்கும் போகும், அங்கே பரவாயில்லை. ஆனால் பித்ருக்களுக்குப் பலி (திதி) போடுகிற இடம், எப்போதும் ஆள். 2024 மார்ச்சில் மிதவைப் பாலம் அலையில் கவிழ்ந்து ஆட்கள் காயப்பட்டதும் அந்தக் கரையில்தான்.

கோவளத்தில் அடுத்தடுத்து மூன்று வளைவு: லைட்ஹவுஸ் பீச், ஹவா பீச், சமுத்ரா பீச். ரூமிலிருந்து இறங்கினால் மணல், அது பெரிய வசதி. ஆனால் லைட்ஹவுஸ் பக்கம் கரையிலிருந்து சில அடி போனதுமே ஆழம் இறங்கும், திரும்புகிற தண்ணீர் காலைப் பறிக்கும். லைஃப்கார்டு விசில் ஊதிக்கொண்டே இருப்பார், ஊதினால் வந்துவிட வேண்டும். சின்னதுகளுக்குக் கணுக்கால் வரைக்கும்தான். நாலு மணிக்கு மேல் விழிஞ்ஞத்தில் உள்ள கடல் மீன் காட்சியகத்துக்குக் கூட்டிப் போகலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

என் யோசனை? உங்கள் ஊரிலிருந்து இங்கே வரவே ஒரு பகல் முழுக்க ஆகும். நாலு நாளில் இரண்டு நாள் காரில் போனால் லீவு யாருக்கு, டயருக்கா?

பட்டாம்பி பையன் · நவம்பர் 20

கோவளம் புளூ ஃபிளாக் தரச்சான்று வாங்கிய பீச் ஆச்சே, அதை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

கொழிஞ்சாம்பாறை · நவம்பர் 21

தம்பி, அது சென்னைப் பக்கத்துக் கோவளம். 2021-ல் கிடைத்தது. இந்தப் பெயர்க் குழப்பத்தில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேரளத்தில் முதலில் அந்த நீலக்கொடி வாங்கியது கோழிக்கோட்டுக்கு வடக்கே உள்ள காப்பாடு, 2020-ல். வாஸ்கோ ட காமா 1498-ல் வந்து இறங்கியதாகக் கல் நட்டிருக்கிறார்களே, அதே காப்பாடு. கொடியால் என்ன லாபம் என்றால், கழிப்பறை, குளிக்க நல்ல தண்ணீர், உடை மாற்ற அறை, கண்காணிக்க ஆள் என்று இத்தனையும் இருந்தால்தான் அந்தக் கொடி. டயப்பர் போட்ட பிள்ளையோடு போகிறவர்களுக்கு அழகைவிட இது முக்கியம். கொடி பறப்பதால் அலை சின்னதாகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். காப்பாட்டில் பாறையும் உண்டு.

பாலக்காட்டுப் பக்கம் இருக்கிற நம்மவர்களுக்கு இன்னொரு இடம்: கண்ணூருக்கும் தலச்சேரிக்கும் நடுவில் முழப்பிலங்காடு. நாலு கிலோமீட்டருக்குக் கெட்டி மணல், அதன் மேலேயே காரை ஓட்டலாம். கடலுக்குள் இருக்கிற பாறைகள் அலையைத் தடுப்பதால் கரையோரம் அமைதி. எதிரே தர்மடம் தீவு. பிள்ளைகளுக்குத் தண்ணீர் பயமில்லை. ஆனால் கார் பயம் உண்டு. மணலில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் பதினெட்டு வயசுக்காரர்கள் மாதிரிதான் ஓட்டுவார்கள், அறுபது வயதானாலும். தேவிகுளத்திலிருந்து இதெல்லாம் ரொம்பத் தூரம், தங்கச்சிக்கு உதவாது. வேறு யாராவது வாசித்தால் பயன்படட்டும் என்றுதான்.

ஆலப்புழை மருமகள் · நவம்பர் 21

அக்கா, நான் போடியில் பிறந்து ஆலப்புழையில் வாழ்க்கைப்பட்டவள். என் பிள்ளைகள் இந்த மணலில்தான் நடக்கப் பழகினார்கள்.

ஆலப்புழைக்கு வடக்கே உள்ள மாராரிக் கரையைப் பற்றி எல்லோரும் ‘அமைதி, அமைதி’ என்று எழுதுவார்கள். கூட்டம் இல்லாத அமைதி அது. அலை கரையோரத்திலேயே வந்து உடையும், மணலும் சரிவாக இருக்கும். இரண்டு வயதுப் பிள்ளையை அலை விளிம்பில் உட்கார வைத்தால் ஒரு பெரிய அலை வந்து உருட்டிவிடும். கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒன்றுமில்லை. கடை கண்ணி குறைவு. ராத்திரி எட்டு மணிக்குப் பால் வேண்டுமென்றால் ரூம்காரர்களைத்தான் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது சொர்க்கம்: நாய், கோழி, தென்னை, வலை இழுக்கிற ஆட்கள்.

ஆலப்புழை டவுன் பீச் நேர் எதிர். பழைய கடல்பாலத்தின் கம்பங்கள், பக்கத்தில் 1862-ல் கட்டிய லைட்ஹவுஸ், பஜ்ஜி, பொரி, உப்பிலிட்ட நெல்லிக்காய், பிள்ளைகளுக்குப் பார்க். டிசம்பர் கடைசி வாரம் திருவிழாக் கூட்டம். மாமியாருக்கு இது பிடிக்கும், உங்களுக்குத் தலைவலி வரும்.

ஹவுஸ்போட் பற்றி யாராவது ஆசை காட்டுவார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள், அதற்கப்புறம் இரவு முழுக்க சுற்றிலும் தண்ணீர், நடுவில் உங்கள் இரண்டு வயது. கம்பித் தடுப்பு இருக்கிறதா, சின்ன அளவு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். நான் என்றால் அதை விட்டுவிட்டு, அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் சாதாரண சர்வீஸ் போட்டில் படகுத்துறையிலிருந்து நெடுமுடி வரை போய்த் திரும்புவேன். பஸ் டிக்கெட் விலை. அதே காயல் (உப்பங்கழி), அதே வாத்து.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. மேற்குக் கரையில் சூரியன் முதுகுப் பக்கம், தென்னைக்குப் பின்னாலிருந்து எழும். அதனால் காலை எட்டரை வரை மணலில் தென்னை நிழல் விழுந்து கிடக்கும். பிள்ளைகளை ஏழு மணிக்கே இறக்கிவிடுங்கள். சாயங்காலமோ சூரியன் நேராக முகத்தில் அடிக்கும், ஐந்து மணிக்கு முன் வெளியே வராதீர்கள். ஆறேகால் மணி வாக்கில் மறைந்துவிடும். ஆக ஒரு நாளில் கடலுக்கு மொத்தம் மூன்று மணி நேரம்தான். மீதி நேரம் ரூமில்தான். அதனால் கடலைவிட ரூமைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: தரைத்தளம், நடக்கிற தூரத்தில் மணல், ஒரு மரநிழல், கஞ்சி காய்ச்சித் தர ஒரு அடுக்களை.

மறையூர் சர்க்கரை · நவம்பர் 21

விளையாட்டை விட்டு இப்போது நிஜமாகச் சொல்கிறேன். செராய் போங்கள். கொச்சிப் பக்கத்து வைப்பின் தீவின் வடக்குக் கோடி. தேவிகுளத்துக்கு மிக அருகிலிருக்கிற நல்ல கடல் அதுதான்: அடிமாலி, நேரியமங்கலம், கோதமங்கலம், பெரும்பாவூர், ஆலுவா, பறவூர். கூட்டம் இல்லாத நாளில் ஐந்து மணி நேரம். நேரியமங்கலம் பாலம் தாண்டிவிட்டால் வளைவு முடிந்தது, பிள்ளைகள் தூங்கிவிடும்.

அங்கே கரையோரம் ஆழம் மெதுவாகத்தான் கூடும். லைஃப்கார்டு உண்டு. ஞாயிறு மாலை கொச்சி முழுக்க அங்கே வந்துவிடும். அப்போது கொஞ்சம் தெற்கே குழுப்பிள்ளிக் கரைக்கு நகர்ந்துவிடுங்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காயல், நடுவில் ஒரு ரோடு, ரோட்டோரம் ரூம்கள். எனக்கு அங்கே கடலைவிடக் காயல் பக்கம்தான் பயம். கடலில் அலை சத்தம் போடும், நாமும் உஷாராக இருப்போம். காயல் சத்தமே போடாமல் முற்றத்தின் ஓரத்தில் நிற்கும், பல ரூம்களில் வேலி கிடையாது. புக் பண்ணும்போது இதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

மழை வந்தாலோ அலுத்தாலோ ஒரு நாள் வைப்பின் முனைக்குப் போய் வாட்டர் மெட்ரோ படகில் எர்ணாகுளம் ஹைகோர்ட் வரை போய் வாருங்கள். 2023 ஏப்ரலில் தொடங்கினார்கள். மிதக்கிற மேடை என்பதால் படகும் மேடையும் ஒரே மட்டத்தில் நிற்கும். தள்ளுவண்டியும் ஏறும், உங்கள் மாமியாரும் ஏறுவார். பள்ளிப்புறத்தில் 1503-ல் போர்ச்சுகீசியர் கட்டிய சின்னக் கோட்டை இருக்கிறது, பத்து நிமிஷத்தில் பார்த்து முடியும். பிள்ளைகளுக்கு அந்த அளவுதான் சரித்திரம் தாங்கும்.

தேவிகுளம் அம்மா · நவம்பர் 22

செராய் மனசில் நிற்கிறது. ஆனால் பெரியவன் அடிமாலி தாண்டிச் சீயப்பாறை வருவதற்குள் வாந்தி எடுப்பான். சின்னவள் எதுவும் நடக்காத மாதிரி முறுக்கு தின்பாள். இதற்கு வழி உண்டா? நர்ஸ் சிஸ்டர் இருக்கிறீர்களா?

வண்டிப்பெரியாறு சிஸ்டர் · நவம்பர் 22

இருக்கிறேன்மா, நைட் டியூட்டி.

உங்கள் வீட்டில் நடப்பது இயல்புதான். இரண்டு வயதுக்குள் பயண வாந்தி அபூர்வம், அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரைதான் அதிகம். கிளம்புவதற்கு முன் பால் வேண்டாம், வயிற்றைக் காயப் போடவும் வேண்டாம். ஒன்றிரண்டு இட்லி போதும். மொபைலைக் கையில் கொடுக்காதீர்கள். குனிந்து பார்த்தால் வாந்தி உறுதி. முன்னால் தூரத்தில் தெரிவதைப் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து தேவை என்று நினைத்தால் பிள்ளையின் எடையைச் சொல்லி டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக ஒடித்துக் கொடுக்கும் பழக்கம் நம் எஸ்டேட்டுகளில் இருக்கிறது, அது கூடாது. மலை இறங்கும்போது காதடைக்கும். சின்னவளுக்குச் சொல்லத் தெரியாது, அழுவாள். அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் சரியாகும்.

அதைவிட முக்கியம் வெயில். காலையில் ஐந்து டிகிரியில் கிளம்பி மதியம் 32 டிகிரியில் இறங்குகிறீர்கள். முதல் நாள் பிள்ளைகள் துவண்டுவிடும். அன்றைக்குக் கடல் வேண்டாம், சாயங்காலம் கொஞ்சம் மணல் போதும். பத்து மணியிலிருந்து நாலு மணி வரை நிழல். முழுக்கைச் சட்டை, தொப்பி. சன்ஸ்கிரீன் போட்டால் இரண்டு மணிக்கொரு தடவை மறுபடி போட வேண்டும், காலையில் பூசியது மாலைக்கு உதவாது. ஓ.ஆர்.எஸ். ஒரு பாக்கெட்டை முழு ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். டம்ளரில் கெட்டியாகக் கலக்கிக் கொடுத்தால் நன்மையைவிடக் கெடுதல்.

கடல்சொறி (ஜெல்லிமீன்) மேலே பட்டால் மணலால் தேய்க்காதீர்கள், குழாய்த் தண்ணீரும் வேண்டாம். கடல் தண்ணீரால் அலசிவிட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. தண்ணீரில் மூழ்குகிற பிள்ளை கத்தாது. கையைக் காலை அடித்துக் கூப்பிடும் என்பதெல்லாம் சினிமாவில். நாலு பெரியவர்கள் இருந்தால் நாலு பேரும் ‘அவர் பார்க்கிறார்’ என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு நேரத்தில் ஒருவர் காவல், அவர் கையில் போன் கூடாது, பிள்ளை அவர் கைக்கு எட்டுகிற தூரம். மாறும்போது வாயால் சொல்லி மாற வேண்டும்.

குளச்சல் கரை · நவம்பர் 22

சிஸ்டர் சொன்னதை அச்சடித்துக் காரில் ஒட்டலாம். நான் கடல் பக்கம் ஒன்று சேர்க்கிறேன்.

கடற்கரைக் கடைகளில் காற்றடைத்த வாத்து, டியூப் எல்லாம் தொங்கும். வாங்காதீர்கள். காலையில் கரைக்காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும். எங்கள் ஆட்கள் விடியுமுன் கட்டுமரம் இறக்கிப் போவது அந்தக் காற்றை நம்பித்தான். கடல் பார்க்கத் தட்டையாக, அமைதியாக இருக்கும். அதே காற்று அந்த வாத்தையும் அதில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுபோகும். மதியத்துக்கு மேல் காற்று கடலிலிருந்து திரும்பும், அப்போது அலை கொஞ்சம் கூடும். நீங்கள் போவதோ காலையில்.

ஆறோ காயலோ கடலில் சேருகிற வாய்ப் பக்கம் போகவே கூடாது. பொழி என்பார்கள், அழி என்பார்கள். தண்ணீர் தேங்கிக் கால் அளவே இருப்பது போல் தெரியும், ஏற்ற இறக்கத்தில் இழுப்பு பயங்கரம். செராய்க்கு வடக்கே முனம்பத்தில் அப்படி ஒரு வாய் இருக்கிறது. மீன் வாங்கப் போங்கள், குளிக்கப் போகாதீர்கள்.

அலைகள் வரிசையாக உடைகிற கரையில் ஒரு இடம் மட்டும் உடையாமல் சிலுசிலுவென்று இருந்தால், அதுதான் நல்ல இடம் என்று வெளியூர் ஆட்கள் அங்கேயே இறங்குவார்கள். தண்ணீர் திரும்பி உள்ளே போகிற வாய்க்கால் அது. யாரும் இல்லாவிட்டால் வலை பின்னிக்கொண்டிருக்கிற கிழவர் ஒருவரைக் கேளுங்கள். எந்த ஊரிலும் சொல்வார்.

செங்கோட்டைக்காரன் · நவம்பர் 23

எல்லாம் சரி. விலையைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை? அந்த வாரம் கொச்சி, ஆலப்புழைப் பக்கம் வாடகை இரட்டிப்பாகும். சில ரிசார்ட்டுகளில் 24, 31 இரண்டு ராத்திரிக்கும் கட்டாய விருந்து என்று தனியாக ஆளுக்கு இவ்வளவு என்று பில்லில் சேர்ப்பார்கள்; சாப்பிடாமல் தூங்குகிற பிள்ளைக்கும் சேர்த்து. எங்கள் குடும்பத்துக்கே ஓர் இடத்தில் இது நடந்தது. முன்பணம் கட்டிய பிறகுதான் சொன்னார்கள்.

என் யோசனை இதுதான். பெரியவன் யு.கே.ஜி.தானே? பொங்கல் கழிந்து ஜனவரி மூன்றாம் வாரம் இரண்டு நாள் மட்டம் போடட்டும். இடுக்கிக்குப் பொங்கல் அன்று உள்ளூர் விடுமுறையும் இருக்கிறது. அப்போது வாடகை இறங்கும், தமிழ்நாட்டுக் கரையிலும் மழை முடிந்திருக்கும். மணப்பாட்டை அப்போது பாருங்கள். குளச்சல் தம்பி, இதற்கு என்ன சொல்கிறீர்?

குளச்சல் கரை · நவம்பர் 23

அண்ணாச்சி, ஜனவரி மூன்றாம் வாரம் என்றால் நானே மணப்பாட்டுக்கு வழி சொல்லுவேன். அந்த மாதத்துக்கு உங்கள் பேச்சுதான் சரி. மூணாறில் உறைபனியும் அப்போது உச்சத்தில் இருக்கும், தப்பித்து வர அதுதான் நல்ல சமயம்.

சூளூர்பேட்டை ராணி · நவம்பர் 23

எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. ஆந்திர எல்லையில் இருக்கிறோம், கடல் பக்கத்தில்தான்; ஆனால் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம் என்பதால் அந்தக் கரைக்குள் போக முடியாது. டிசம்பர், ஜனவரியில் எங்கள் பிள்ளைகளுக்குப் பழவேற்காடு ஏரிதான் கடற்கரை. சாலையோரம் நின்றாலே பூநாரைகள் கூட்டம் கூட்டமாகத் தெரியும், நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடா கூடு கட்டியிருக்கும். தண்ணீரில் இறங்காமலே பிள்ளைகள் வாய் பிளந்து நிற்கும். இங்கே மழை ஓய ஜனவரி ஆகும் என்பது குளச்சல் அண்ணன் சொன்னது போலத்தான். யாராவது சென்னை வழியாக வருவதாக இருந்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவிகுளம் அம்மா · நவம்பர் 25

வீட்டில் பெரிய பஞ்சாயத்து நடந்து முடிந்தது. அவருக்கு ஜனவரியில் லீவு கிடைக்காது. எஸ்டேட் ஆபீஸில் டிசம்பர் கடைசி என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அதனால் செராய். 26-ம் தேதி இறங்கி 30-ம் தேதி ஏறுகிறோம், இரண்டு விருந்து ராத்திரியும் தப்பியது. செங்கோட்டை அண்ணாச்சிக்கு நன்றி, அந்த ஒரு கேள்வியைக் கேட்டதில் ஒரு இடம் உடனே கழன்றுகொண்டது. இன்னொரு இடத்தில் காயல் பக்கம் வேலி உண்டா என்று கேட்டேன், “குழந்தைகளைப் பார்த்துக்கொள்வீர்கள்தானே” என்று பதில் வந்தது. வேண்டாம் என்று வைத்துவிட்டேன். மூன்றாவதாக ஒரு வீட்டுத் தங்கல்: தரைத்தளம், ரோட்டுக்குக் கடல் பக்கம், அடுக்களையில் கஞ்சி வைத்துக்கொள்ளலாம். கடல்சுவர் தாண்டப் படி நாலுதான். மாமியாருக்கு வாட்டர் மெட்ரோவும், போகிற வழியில் ஆலுவா சிவன் மணப்புறமும் என்று பேசி முடித்தாயிற்று. வீட்டுக்காரர் மட்டும் இன்னும் கோவளம் கோவளம் என்கிறார்.

ஒரு சந்தேகம். 30-ம் தேதி திரும்பும்போது ரோடு எப்படி இருக்கும்?

மறையூர் சர்க்கரை · நவம்பர் 25

நீங்கள் இறங்கும்போது சந்தோஷமாக இறங்குவீர்கள், எதிர்ப்பக்கம்தான் ஊரே வரிசையில் நிற்கும். திரும்பும்போது அந்த வரிசையில் நீங்களும் இருப்பீர்கள். புத்தாண்டுக்கு மேலே வருகிற கூட்டம் அடிமாலியிலிருந்தே தேங்கும். செராயில் காலைக் கடலை விட்டுவிட்டு ஐந்து மணிக்கே கிளம்புங்கள், எட்டரைக்குள் அடிமாலியைத் தாண்டிவிட வேண்டும். ஸ்வெட்டர்களை டிக்கியில் அடியில் போடாதீர்கள். பள்ளிவாசல் ஊர் வரும்போது தேவைப்படும்.

வால்பாறை இரட்டையர் அப்பா · நவம்பர் 27

இழை முழுக்க வாசித்தேன், நன்றி. எங்களுக்கு மூன்று வயதில் இரட்டைப் பிள்ளைகள். மே லீவில்தான் முடியும். இதே செராய், இதே ரூம் சரிவருமா?

குளச்சல் கரை · நவம்பர் 27

ரூம் சரிவரும், கடல் சரிவராது. சித்திரை, வைகாசியில் இந்தக் கரை முழுக்கக் கள்ளக்கடல் வரும்: காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, எங்கோ தெற்கே தூரக் கடலில் கிளம்பிய அலை திடீரென்று வந்து மேட்டு மணல் வரை ஏறும். ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடும், அதைப் பார்க்காமல் யாரும் இறங்கக் கூடாது. மே மாதத்துக்குத் தனி இழை தொடங்குங்கள் தம்பி, அங்கே பேசுவோம்.